வீரனுக்கு வாய்ப்பூட்டு

மார்ச் 3, திங்கள்

ஏழாவது பாகம் முடிந்தது. நான்கு நிமிஷப் படம், அதற்குள் இரண்டு தடவை செத்தேன். முதல் தடவை பச்சையாகக் கொழகொழவென்று வருமே ஒரு ஜந்து, அதை மிதித்து வழுக்கி. இரண்டாவது தடவை, உயிர் கொடுத்து எழுப்பிவிட்ட சாமியாரின் கண்ணெதிரிலேயே படிக்கட்டில் உருண்டு.

வீடியோ கேமில் வருகிற சமாசாரங்களை எல்லாம் கேலி செய்கிற ஜப்பான் படம் இது. வாள், மந்திரம், லெவல் ஏறுவது, அரக்க ராஜா, எல்லாம் உண்டு. வீரன் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அவனுக்கு ஒரு லெவல்கூட ஏறாது. கண்டவர் வீட்டுக்குள் நுழைந்து பானையை உடைத்துப் புதையல் தேடுவான். வீட்டுக்காரி விளக்குமாற்றோடு துரத்துவாள். வயசு பதினாறு. அவனுக்குத் தமிழ்க் குரல் நான். எனக்கு வயசு நாற்பத்திரண்டு. கார்ட்டூன் என்று சொன்னால் என் மகளுக்குக் கோபம் வந்துவிடும். அனிமே என்று சொல்ல வேண்டுமாம்.

கத்தல்களை எப்போதும் கடைசியில்தான் எடுப்போம். முதலிலேயே கத்தினால் தொண்டை போய்விடும், அப்புறம் வசனம் பேச ஆள் இருக்காது. இன்றைக்குக் கத்தலுக்கு வருவதற்கு முன்பே, சாதாரண வசனத்திலேயே குரல் உடைந்தது. ஒன்றல்ல, நான்கு இடத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஐஸ் தண்ணி குடிச்சுட்டேன் என்றேன்.

பொய். மூன்று மாசமாக ஐஸ் தண்ணீர் பக்கமே போகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டார். டிவி மாதிரி ஒரு திரையில் என் குரல்நாண் தெரிந்தது. இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது, முகத்தை இன்றுதான் பார்த்தேன்.

இடது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டுமாம். என்ன டெஸ்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தம்மாவே சொன்னார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். அது இல்லாமலும் இருக்கலாம், முன்கூட்டியே பயப்பட வேண்டாம் என்றார். முன்கூட்டி இல்லாமல் பின்னாடியா பயப்படுவார்கள்?

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பதினாறு வயசுப் பையனாக இருக்கிறேன் என்றேன். விளக்கிச் சொன்ன பிறகு சிரித்தார். பழைய குரல் அப்படியே திரும்பி வருமா என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"வரலாம். எழுதியெல்லாம் குடுக்க முடியாதும்மா."

மார்ச் 8, சனி

பயமா இருக்கு. எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

மார்ச் 10, திங்கள்

நேற்றுதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் உள்ளவர்கள் கண்ணில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்கிறவர், சொந்தப் பெண்டாட்டி மூன்று மாசமாகக் கரகரவென்று பேசுவதைக் கவனிக்கவில்லை. அதைச் சொல்லிச் சண்டை போட்டேன். கவனிச்சேன், நீயே சொல்லுவேன்னு இருந்தேன் என்றார். அதற்கும் சேர்த்துச் சண்டை போட்டேன். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்று எட்டாவது பாகம் எடுக்கப் போனபோது டப்பிங் டைரக்டரிடமும் சொன்னேன். அவருக்கு ஸ்டூடியோவில் பெயரே இன்னொண்ணு சார். எப்படிப் பேசினாலும் "இன்னொண்ணு போலாம்" என்பார். ஒரு தும்மலுக்குப் பதினோரு டேக் வாங்கிய மனுஷன். இன்று எல்லாவற்றையும் ஒரே டேக்கில் போதும் போதும் என்று முடித்துக்கொண்டார். கத்தலே வேண்டாம், பழைய பாகத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவு நல்லவராக அவரை நான் பார்த்ததே இல்லை. போகப்போகிறவர்களிடம்தானே இப்படி நடந்துகொள்வார்கள்?

ஒன்பதாவது பாகத்துக்கு யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். யாரையோ பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

மார்ச் 13, வியாழன்

நாளைக் காலை ஆபரேஷன். இன்றே மகளிடம் நல்லதாக ஏதாவது பேசிவிட வேண்டும், இந்தக் குரலில் அவள் ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி. நாள் பூராவும் யோசித்தேன். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் என்ன பேசுவது? கடைசியில் பல்லு தேச்சியா என்றுதான் கேட்டேன். தேய்க்கவில்லை. திட்டினேன்.

மார்ச் 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழு நாள் வாயைத் திறக்கக் கூடாது. ரகசியம் பேசுவது போல் குசுகுசுவென்றும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதலாம். கனைக்கக் கூடாது. இருமல் வந்தால் தண்ணீர்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறபோது நர்சிடம் செருப்பை எங்க விடணும் என்று கேட்டேன். அந்தக் குரல் திரும்பி வரவில்லை என்றால் அதுதான் அதனுடைய கடைசிப் பேச்சு. விதியைப் பார்.

கையில் ஒரு சிலேட்டு. காபி வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அவர் சிலேட்டை வாங்கி, சர்க்கரை போடவா என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். நீங்க பேசலாம் என்று எழுதினேன். மறந்துட்டேன் என்றார். வயிறு குலுங்கிச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்கவில்லையே என்று உடனே பயமும் வந்தது, தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஒழுங்கா எழுதணும்.

ஒன்பதாவது பாகம் இன்று மாலை டிவியில் வந்தது. பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் வீரனுக்கு வேறு யார் பேசுகிறார்கள் என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மகள் போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வேறு யாரும் பேசவில்லை. வீரன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், சத்தமே இல்லை. அவனோடு சுற்றுகிற மந்திரக்காரி, உனக்கு யாரோ வாய்ப்பூட்டுச் சாபம் போட்டுட்டாங்கடா, கேமில் இதெல்லாம் சகஜம், நாலு நாளில் சரியாயிடும் என்கிறாள். ஜப்பானில் எழுதியவர்களுக்கே தெரியாத சாபம். இன்னொண்ணு சார் வேலை. எனக்காக அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது.

அப்போது வீரன் தானே வெட்டிய குழியில் தானே விழுந்தான். முகம் திரை முழுக்க வந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. சத்தம் இல்லை.

நான் கத்திவிட்டேன்.

நினைத்துக் கத்தவில்லை. இருபது வருஷப் பழக்கம் — திரையில் உதடு அசைந்தால் என் தொண்டை தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வாய் திறந்த இடத்தில் ஆரம்பித்து, மூடிய இடத்தில் சரியாக நிறுத்தியிருக்கிறேன். ஒரு நூல் பிசகவில்லை. நாலாவது நாள், பச்சைப் புண்ணு, அதில் முழுக் கத்தல்.

அவர் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். மகள் டிவியை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன் என்றாள். உன் மேல் தப்பில்லை என்று சொல்லவும் வாய் இல்லை. எழுதிக் காட்டினேன். அழுகையில் அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

துப்பினால் லேசாகச் சிவப்பு. டாக்டருக்கு ஃபோன் போடுகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை எப்படியும் போக வேண்டியதுதானே. அதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விடாதா? நான் கோழைதான். வீரனுக்குக் குரல் கொடுத்தால் வீரம் வந்துவிடுமா என்ன.

மார்ச் 21, வெள்ளி

கேமரா உள்ளே போனதுமே டாக்டர் கேட்டார், யார் கத்தினது என்று. ஒளித்து வைக்க முடியவில்லை, திரையில் கறுத்துக் கிடக்கிறது. ரத்தம் கட்டியிருக்கிறதாம். தழும்பு விழுந்தால் குரல் மாறிவிடும், விழுமா விழாதா என்று இப்போது சொல்ல முடியாதாம். இன்னும் இரண்டு வாரம் வாய்ப்பூட்டு. டெஸ்டு ரிசல்ட்டும் இன்னும் வரவில்லை.

ஆக, இரண்டு பயம். ஒன்று உயிர் இருக்குமா என்று. இன்னொன்று குரல் இருக்குமா என்று. எது பெரிசு என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். உடனே பதில் வரவில்லை. வெட்கமாக இருந்தது, வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு.

மார்ச் 25, செவ்வாய்

இன்னொண்ணு சார் வீட்டுக்கு வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்தார். எனக்காக இடத்தைக் காலியாக வைத்ததற்கு நன்றி என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நெளிந்தார். அப்போதே சந்தேகம்.

ஊமை வீரனைத்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம். வாயை அசைத்துக்கொண்டு தவிக்கிறானே, அந்தத் துண்டுகளை வெட்டி வெட்டி ஊரெல்லாம் அனுப்பிக்கொள்கிறார்களாம். சேனல்காரர்கள் இப்படியே போகட்டும் என்கிறார்களாம். பத்திலும் பதினொன்றிலும் சத்தம் கிடையாது. கடைசிப் பாகமான பன்னிரண்டில் மட்டும் சாபம் தீர்ந்து ஒரு வார்த்தை பேசுவான்.

"அந்த ஒரு வார்த்தைய நீங்கதான் பேசணும். வேற ஆளுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்னுட்டேன்."

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? இருபது வருஷம் பேசினேன், யாரும் இப்படிச் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்ததற்குச் சிரிக்கிறார்கள். அவர் போன பிறகு சிலேட்டை எடுத்து அவரைக் கன்னாபின்னாவென்று திட்டி எழுதினேன். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, இதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்றார்.

மார்ச் 27, வியாழன்

ரிசல்ட் வந்தது. அது இல்லை.

பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "புற்று இல்லம்மா. ஆனா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த செல்லுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டார். நான் அழவில்லை. அழுதால் தொண்டை அடைக்கும், கனைக்க வேண்டி வரும். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். போன பயம் இவ்வளவு பெரிசாகவா இருந்தது? இப்போது மிச்சம் ஒன்றுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பதினொன்றாவது பாகம் பார்த்தேன். வாயில் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் டாக்டர். புண் ஆறிவிட்டது. ஓரத்தில் தழும்பு கோடாகத் தெரிகிறது. ஆ என்று சொல்லச் சொன்னார். இருபத்தொரு நாள் கழித்து. முதலில் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை ஒரு சத்தம் வந்தது, அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்று முழுக்கச் சேர்த்து ஐந்து நிமிஷம் பேசலாம், துண்டு துண்டாக. டப்பிங்கில் ஒரு வார்த்தை பேசலாமா என்று எழுதிக் கேட்டேன். கத்தாமல் சாதாரணமாகப் பேசுவதானால் பேசுங்கள் என்றார். இதுதான் இனிமேல் என் குரலா என்றும் எழுதினேன். கொஞ்சம் தெளியும், பழையது வராது என்றார்.

கூட வந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்து கடைக்குப் போனார். நான் தனியாக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கடைசிப் பாகம். அரக்க ராஜாவின் கோட்டை வாசலில் வீரன் கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து காவல்காரன் யார் என்று கேட்கிறான். ஜப்பான் மொழியில் வீரன் தன் பட்டங்களை எல்லாம் நீட்டி முழக்குவான். நம் தமிழில் வாய் நெடுநேரம் சும்மா அசைந்துவிட்டு, முடிவில் ஒரே வார்த்தை. "நான்தான்."

பூத்துக்குள் போய் நின்றேன். மைக்கைப் பார்த்து இவ்வளவு பயந்தது முதல் நாளில்கூட இல்லை. உதடு வந்தது. சொன்னேன்.

ஒட்டியது. உதட்டோடு சரியாக ஒட்டியது. ஆனால் அது பதினாறு வயசுப் பையன் இல்லை. தடித்து, கீழே இறங்கி, முடிகிற இடத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு குரல். ஹெட்போனில் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். யாரோ ஒருத்தி.

இன்னொண்ணு சார் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம், இதையே வைத்துக்கொள்ளலாம், இத்தனை நாள் சாபத்தில் கிடந்தவன் குரல் இப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த சீசனைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். இன்ஜினியர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தனியாக இருந்தாள். இன்று பேச விடுவார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. விடாவிட்டால் இன்னொரு அழுகை. பெல் அடித்தேன். குரல் தெரிந்தால்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

மரியாதையாகச் சொன்னாள். "அம்மா வீட்ல இல்லைங்க. அப்புறமா வாங்க."

"அம்மாதான்டி" என்றேன்.

"எங்கம்மா பேச மாட்டாங்க."

உரக்கச் சொல்லத் தொண்டை வரவில்லை, வந்திருந்தாலும் துணிந்திருக்க மாட்டேன். அவள் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவும் அந்தக் குரலில்தான் வந்தது. உள்ளே ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. கதவில் இருக்கிற கண்ணாடி ஓட்டைக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.