கன்றுக்குட்டியின் முதுகுக்கோடு

பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாடை காலையிலிருந்து என் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கதவைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. நீ செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை.

அப்போது நாம் இருவரும் தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாக்கள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போனதும் அழுகிற அத்தனை பேரையும் நாம்தான் சமாளிக்க வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்பில் திரை கட்டிக் கார்ட்டூன் படம் போட்டார்கள். தன் காலே தடுக்கி விழுகிற ஒரு கன்றுக்குட்டி. நம் பிள்ளைகள் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, "இத நம்ம செவுத்துல வரஞ்சிருவோமாட்டி?" என்றாய்.

அடுப்புக்கரிதான் பென்சில். நான் வரைந்தது நாய் மாதிரி இருந்தது. கண், காது, குளம்பு எல்லாம் போட்டும் அசையாமல் நின்றது.

"மொதல்ல அது எந்தப் பக்கம் விழப்போவுதுன்னு ஒரு கோடு போடு. கண்ணு மூக்கெல்லாம் பொறவு வரும்" என்றாய். கழுத்திலிருந்து வால்வரை, கரியை எடுக்காமல் ஒரே இழுப்பு. கன்றுக்குட்டி தடுமாறியது. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படத்தை ஒரு தடவைதான் பார்த்திருந்தாய்.

ஈஸ்டருக்குப் படம் போட மறுபடி வந்த எறணாகுளத்துக்காரர் அந்தச் சுவரைப் பார்த்து அசந்துபோனார். "ஈ குட்டியெ படிப்பிக்கணம்", இந்தப் பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று உன் அண்ணனிடமே போய்ச் சொன்னார். தன் தங்கை வீட்டில் தங்கி ஓவியம் படிக்கலாம் என்றார்.

மறுநாள் காலையில் உன் அண்ணன் வந்து நின்றான். "எவனோ ஒருத்தன் ஒம்பேரச் சொல்லுற அளவுக்கு வந்தாச்சு. இப்பமே அழி. இனிமே கரியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

நீ ஈரச்சாக்கை எடுத்துத் துடைத்தாய். சுண்ணாம்பும் கரியும் கலந்து வழிந்தது. பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள்.

வந்த ஆத்திரத்தில் நான் கரியை எடுத்து அடுத்த சுவரில் வரைய ஆரம்பித்தேன். "எங்கைய ஒடிச்சிரும் பாப்போம், அண்ணாச்சி" என்றேன். மறுபடியும் நாய்தான் வந்தது.

பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "முதுக இன்னும் வளைட்டி."

அவன் திரும்பி முறைத்தான். "நான் கரியத் தொடலண்ணே" என்றாய்.

பிறகு நீ சொல்லச் சொல்ல நான் இழுத்தேன். "கைய எடுக்காத. இப்பம் கீழ விடு." உன்னை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் வெளியே போனான். அன்றைக்குத்தான் என் கையில் முதன்முதலாக அந்தக் கன்றுக்குட்டி தடுக்கி விழுந்தது.

அந்தத் துணிச்சலை ஏன் அதோடு விட்டாய்? எறணாகுளம் போகவில்லை. வண்டன்மேட்டில் கட்டிக்கொடுத்தார்கள், போனாய். பல வருஷம் கழித்து உன் வீட்டுக்கு வந்து பென்சிலை நீட்டினேன். "எல்லாம் மறந்து போச்சுட்டி" என்றாய். பொய். சொல்லும்போதே உன் விரல் முந்தானையில் ஒரு வளைவை இழுத்துக்கொண்டிருந்தது. "ஒங்கண்ணன் செத்தே போயாச்சு. இன்னும் யாருக்குப் பயப்படுத?" என்று கத்தினேன். காயப்போட்ட ஏலக்காயைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று எல்லோரும் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வரைவாய் என்பது உன் மகளுக்கே தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் குச்சியை எடுத்து மண்ணில் அந்தக் கன்றுக்குட்டியை வரைந்து காட்டினேன்.

"நீங்க நல்லா வரையிதீங்களே அத்த" என்றாள்.

"இது நான் வரையிறது இல்ல. ஒங்கம்ம சொல்லுறது" என்றேன். அழுகையில் பேசுகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு கோட்டைத் தவிர எனக்கு வேறெதுவும் வரையத் தெரியாது.