மேல் வயல் சொன்னது

தங்கை மகளே,

இன்று விடியலில் என் குறட்டைக்குக் கூத்தாநல்லூர் வரை ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தபோது, தலைமாட்டில் போன் ஒலித்தது. திரையில் ஒரு செய்தி: "மாமா, மேல் வயல்ல தண்ணி நிறைஞ்சுடுச்சு. எழுந்திரிங்க மகாராஜா, கீழ் வயலுக்கு மடையைத் திறங்க."

உன் வாசகம். காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழவே இல்லை, கோடையும் கழிந்துவிட்டது. நேற்றுத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நீ செய்து கொடுத்த நீர்மட்டக் கருவியைத் துடைத்து வயலில் நட்டேன், உன் பழைய லேப்டாப்பையும் போட்டுவிட்டேன். அது நீ எழுதி வைத்த வார்த்தையிலேயே செய்தி அனுப்பும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

என் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து நீ அதற்குப் புரோகிராம் எழுதிய நாள் நினைவிருக்கிறது. ஃபங்ஷன் என்று துண்டு துண்டாய்க் கட்டளைகள்: ஒன்று தண்ணீரை அளக்கும், அடுத்தது முடிவெடுக்கும், கடைசி ஃபங்ஷன் எனக்குச் செய்தி அனுப்பும். வயலில் கடலே நின்றது. கப்பல் விட்டால் தரங்கம்பாடியில் கரை தட்டும். செய்தியோ, "வயல்ல ஒண்ணுமே இல்ல மாமா" என்று வந்தது.

"ஸ்கிரீன்ல பளிச்சுன்னு நம்பர் தெரியுதே பாப்பா?"

"உங்களுக்குத் தெரியுது மாமா. அடுத்த ஃபங்ஷனுக்குக் கண்ணு ஏது? இது அளந்ததைக் காட்டிட்டு நின்னுடுச்சு. அளந்ததை அடுத்ததுக்குக் கொடுன்னு 'ரிட்டர்ன்' போட மறந்துட்டேன். கையில கொடுத்தாத்தான் அது வாங்கும்."

"அடி போடி! மேல் வயல்ல தண்ணி நிக்கிறதைப் பாத்தே கீழ் வயல் குடிச்சிடுமா? வரப்புல மடை வெட்டணும்ல. இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

"அதேதான் மாமா!" என்று மூட்டையிலிருந்து சரிந்து விழும்வரை சிரித்தாய். அன்று முதல் டீக்கடையில் நான் கணினித் துறையின் தந்தை. நீ ஒருநாளும் மறுத்ததில்லை.

மடையைத் திறந்துவிட்டு இன்று தெருமுனையில் உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் அம்மா உன் பேரை எடுப்பதில்லை. அவள் முன்னால் நாங்களும் எடுப்பதில்லை. இந்தச் செய்தியைக் காட்டினால் உடைந்துபோவாளோ என்று பயம். காட்டாவிட்டால், நீ சொன்னது என் போனோடு நின்றுவிடும். வாயாலேயே வேளாங்கண்ணி வரை உழுதுவிடுகிறவன் நான், இன்று வாயை நம்பவில்லை. போனை அவள் கையில் கொடுத்தேன்.

கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்தாள். "மகாராஜாவாம்" என்று சிரித்தாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து, அத்தனை மாதமும் அழாததை அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மடையைத் திறந்துட்டியா அண்ணே?"

"திறந்துட்டேன்."

"நாளைக்கும் சொல்லுவாளா?"

"தண்ணி இருக்கிறவரைக்கும் சொல்லுவா."

"எடுத்துட்டு வா."

எடுத்துப் போவேன், பாப்பா. வழியில் டீக்கடையில் நிற்கமாட்டேன். உன் மாமா கதை அளக்காமல் சொல்கிற ஒரே வார்த்தை இது.