கழுத்துப் பொத்தான்

ஜூலை 11, வியாழன்

நாளையிலிருந்து ஞாயிறு வரை மாதாகோவில் பாரிஷ் ஹாலில் நாடகக் கோடைப்பள்ளி. ஐரிஷ் நாடகம் பற்றிப் பேச்சு, பயிற்சி, கடைசி நாள் மேடை. தபால் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்க் குழுவில் இத்தனை வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வேஷம். கதவைத் திறந்து "யாரோ வர்றாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். இந்தத் தடவையாவது யாராவது என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கட்டும்.

டிம்ப்னா அக்காவும் வருகிறாள், சாண்ட்விச் போட. கான்செப்டா ஃபீலியின் சமையல் படையில் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் புருஷன் பாக்கி அத்தான் டிராக்டர் கவிழ்ந்து செத்த பிறகு அவள் வெளியே தலைகாட்டுவது இதுதான் முதல் தடவை. அவரைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கமாட்டாள், என்னிடம் தவிர. சாயங்காலங்களில் வருவாள். டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "பாக்கி ஒரு தடவை..." என்று ஆரம்பிப்பாள். நான் குறுக்கே பேசமாட்டேன். அவளுக்கு அது போதும்.

ஜூலை 12, வெள்ளி

மழை. டப்ளினிலிருந்து வந்திருக்கும் இயக்குநர் டூஹி நன்றாகப் பேசுகிறார். கையை ஆட்டி ஆட்டித் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். "நம்ம நாடகமெல்லாம் அடுப்படிப் பேச்சுலேர்ந்து வந்ததுங்க. நாளைக்கு ஆளுக்கொரு பேச்சு கொண்டாங்க. புத்தகத்துலேர்ந்து வேணாம். வீட்டுல காதால கேட்டதா இருக்கணும்."

என் வீட்டில் என்ன பேச்சு? நானும் பூனையும்தான்.

ஜூலை 13, சனி

எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு! அட்ராக்டா கில்செனனுக்கு!

வேலித் தகராறு ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். சத்தியமாக. ஆனால் எனக்கு முன்னால் ஒருவர், சந்தையில் மாடு விற்கும் தன் அப்பாவைப் போலவே பேசிக்காட்டி ஹாலையே சிரிக்க வைத்துவிட்டார். வேலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மேடையேறினேன். வாயில் வேறு ஒன்று வந்தது.

அத்தானைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அன்று. ஊர் ஜனமெல்லாம் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தது. அக்கா முன்னறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே நான் மட்டும்தான் கூட. "யாருடி இவருக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டது? மூச்சு முட்டுதும்பாரே. பூசைக்குப் போறப்பகூட வாசல் வரைக்கும் திறந்துதானே இருக்கும்." பொத்தானைக் கழற்றினாள். யாருக்கும் தெரியாதபடி டையை அதன்மேல் இழுத்துவிட்டாள். "இப்ப சரி. இப்ப போங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். விரலால் பொத்தானைக் கழற்றியும் காட்டினேன். கடைசியில் குரல் உடைந்து அழுதேன்.

"இது யாரோடதுங்க?" என்று டூஹி கேட்டார்.

"கற்பனைதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"நாளைக்குச் சாயங்காலம் கடைசியா இதுதான்" என்றார்.

டீ வாங்கப் போனால் ரொட்டி பாதி அறுத்தபடி கிடக்கிறது, பக்கத்தில் கத்தி. அக்காவுக்குத் தலைவலியாம், வீட்டுக்குப் போய்விட்டாளாம். தலைவலியாகத்தான் இருக்கும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல் திறந்திருந்ததா? நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துகொண்டேன் என்பதுதான் சரி.

ஜூலை 14, ஞாயிறு, மதியம்

பூசைக்கு அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. டூஹியிடம் போய் "என்னால் முடியாது" என்று சொல்லவேண்டியதுதானே? ஹால் வாசல் வரை போனேன். நோட்டீஸில் என் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் செய்துவிட்டேன். வெட்கங்கெட்டவள். சனிக்கிழமையைவிட அதிகமாகவே அழுதேன்.

கைதட்டலுக்குக் குனிந்து நிமிர்ந்தபோது ஜன்னல் தெரிந்தது. திறந்திருந்தது. அதில் அக்கா, கையில் பெரிய டீக் கெட்டிலோடு. கைதட்டவில்லை. அழவும் இல்லை. வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், வந்திருக்கிறாள். அவள் அப்படித்தான்.

சமையலறைக்குப் போனேன். கான்செப்டா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க மகாராணி. டீ வேணுமா, இல்ல கைதட்டுலயே வயிறு ரொம்பிருச்சா?" தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நல்லாத்தான் சொன்ன" என்றாள்.

"அக்கா, நான் வேணும்னு..."

"கற்பனைன்னியாமே. அந்த ரூம்ல நாம மூணு பேருதான்டி இருந்தோம். பாக்கி சொல்லமாட்டாரு."

அவள் இன்னொரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான் அழலைடி அன்னிக்கு. அழுதா அவரு சட்டையில சொட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அதைச் சொல்லாம விட்டுட்டு, நீ அழுதுட்ட."

துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். துடைத்தேன். கடைசிக் கோப்பை வரை. நான் மனுஷிதானா? என் கூடப் பிறந்தவள் வீட்டுச் சாவைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

குழுவில் அடுத்த நாடகத்துக்கு அம்மா வேஷம் எனக்காம், டூஹியின் சிபாரிசு. வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள். டீ போட்டாள். நான் சர்க்கரையை விட்டதை மறந்துவிட்டு எப்போதும்போல் இரண்டு கரண்டி போட்டாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

நாளை கல்லறை மந்திரிக்கும் ஞாயிறு. பாதிரியார் வருவதற்குள் எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிவைக்க வேண்டும். அக்காவே போன் பண்ணினாள். "பக்கெட்டு என்கிட்ட இருக்கு, பிரஷ்ஷை மட்டும் எடுத்துட்டு வா."

எனக்கு உயிர் வந்தது. வெயில் வேறு. அத்தான் கல்லைத் தேய்த்துக்கொண்டே அக்கா பேசினாள்: இந்த வருஷம் புல் போதவில்லை, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கான்செப்டா இடுப்பு ஆபரேஷனுக்குப் போகப்போகிறாள், ஆஸ்பத்திரியையும் அதட்டி வேலை வாங்குவாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் பெயரில் படிந்திருந்த பாசியைச் சுரண்டும்போது அவள் கை நின்றது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"பாக்கி ஒரு தடவை..."

நான் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அந்தப் பக்கம் தண்ணி ஊத்து."

ஊற்றினேன்.