ஏழாவது மாடியில் ஒரு சாத்திய கதவு

என் செல்லக்கா,

இடிக்கிற வீட்டுக்குப் பதிலாகத் தருகிற தேவ்நார் வீட்டுச் சாவி எங்களுக்கும் வந்துவிட்டது. உன் கட்டடமேதான். உனக்கு ஏழாவது மாடி கொடுத்தார்கள், எனக்கு ஐந்தாவது. நீ உயிரோடு இருந்தபோதே வந்திருக்கக் கூடாதா இந்த நாசமாய்ப்போன சாவி?

தாராவியில் நம் சந்து எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ரோடு போட அளக்க வந்தவர்கள் நடுவே கோடு இழுத்து, உன் வரிசையை இடித்து, என் வரிசையை விட்டுவிட்டுப் போனார்களே, அன்றோடு அது சந்தாக இல்லாமல் போனது. நீ தோசை சுட்ட இடத்தில் மேம்பாலத்துத் தூண் நிற்கிறது. தினமும் கதவைத் திறந்தால் உன் முகத்தில்தான் விழிப்பேன், அப்புறம் சிமெண்டில் விழித்தேன். தலைக்கு மேலே கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அதில் போகிற ஒருவருக்காவது இங்கே செல்லக்கா என்று ஒருத்தி குடியிருந்தாள் என்று தெரியுமா? இப்போது எங்கள் வரிசையையும் இடிக்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் புதுசாகக் கட்டுகிறார்களாம்.

நம் சந்தில் பகலில் யார் கதவைச் சாத்தினார்கள், சொல்? ஒரு திரைச்சீலை தொங்கும், அவ்வளவுதான். கதவு சாத்தியிருந்தால் உள்ளே என்னமோ ஏதோ என்று சந்தே கூடிவிடும். உன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நீ கதவைச் சாத்திக்கொண்டு தலைக்கு டை அடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் தட்டு தட்டென்று தட்ட, பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடிவர, நெற்றியில் கறுப்பு வழிய வந்து திறந்தாய். “ஏட்டி பேச்சி, நான் என்ன செத்தா கெடக்கேன்? நிம்மதியா ஒரு டை அடிக்க விடமாட்டியளா?” என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தோம், கத்தின நீயும்தான்.

அந்த ஏழாவது மாடியில் எல்லாக் கதவும் எப்போதும் சாத்தியே இருந்தது. அதனால் உன் கதவு சாத்திக் கிடந்தது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. கைப்பிடியில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்திருக்கிறது. மறுநாளும் பால்காரன் அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நீ போனை எடுக்கவில்லை என்று முலுண்டிலிருந்து உன் மகள் ஓடிவந்து, ஆள் வைத்துப் பூட்டை உடைத்த பிறகுதான் நீ இறந்தது தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், “ஹம்கோ க்யா மாலூம்? தர்வாஜா தோ பந்த் ஹீ ரஹ்தா ஹை.” எங்களுக்கு என்ன தெரியும், கதவு எப்போதும் சாத்தித்தானே இருக்கும் என்கிறாள். அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அக்கா. நெஞ்சுவலி என்றார் டாக்டர். வலி வந்தபோது என்னைக் கூப்பிட்டாயா? சந்தில் நீ இருமினாலே சுடுதண்ணீரோடு வந்து நிற்பேனே, பாவி மகளே, எந்தச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாய்?

போன ஞாயிறு வீட்டைப் பார்க்கப் போனோம். என் மகனுக்கு ஒரே சந்தோஷம். “வீட்டுக்குள்ளயே பாத்ரூம் பாத்தியாம்மா? சேஃப்டி டோர் ஒண்ணு போட்டுத் தாரேன். நாங்க வேலைக்குப் போனதும் பூட்டிக்கிட்டு நிம்மதியா இரி” என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு பொதுக் கக்கூஸ் லைனில் நான் நிற்கிற லட்சணத்தைத் தினமும் பார்க்கிறவன்தானே.

அவனைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் உன் மாடிக்குப் போனேன். உன் மகள் வாடகைக்கு விட்டிருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் தட்டினேன். சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சமாகத் திறந்தது. “கோன் சாஹியே, ஆன்ட்டி?” என்றாள் ஒரு சின்னப் பெண். யார் வேண்டும் என்று கேட்கிறாள், நான் என்னவென்று சொல்ல? “கோயி நஹீ”, யாருமில்லை என்றேன். கதவு சாத்திக்கொண்டது. உன் வாசலுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரு கதவும் திறக்கவில்லை.

அடுத்த மாதம் குடிபோகிறோம். தினமும் எல்லா மாடியிலும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய ஆசைதான். முட்டி விடாது. விட்டாலும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னைத் துரத்துவார்கள். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். மகன் எத்தனை கதவு போட்டாலும், அவன் வேலைக்குக் கிளம்பியதும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுத் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிடுவேன். “திருடன் வருவாம்மா” என்கிறான். வரட்டும். நான் கிடந்தால் அவனாவது பார்ப்பான்.

உன் எதிர்வாசல் தங்கச்சி,
பேச்சி