புதன்கிழமைத் தையல்கடை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். அவளோடு மட்டும்தானே பேசுகிறாய், அதனால் அவள் சொல்வதை நம்பிக்கொள்கிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய் என்பதால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதியை இன்னொரு நாள் படிக்கலாம்.

உன் தங்கை கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். மண்டபம் பேசியாகிவிட்டது. மண்டபத்துக்காரரிடம் பதினான்கு முறை போனில் பேசிவிட்டேன், இப்போது என் எண்ணைப் பார்த்தால் அவர் எடுப்பதில்லை. எடுக்காதவர் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? நேரிலேயே போனேன். அதே தேதியை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாரா என்று நோட்டைக் காட்டச் சொன்னேன். நம் பெயர்தான் இருந்தது. ஆனால் பென்சிலில் எழுதியிருந்தார். பேனாவால் எழுத வைத்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.

மண்டபத்தை விடு. நான் சொல்ல வந்தது வீட்டுக்குள் நடந்ததை.

முதலில் பத்திரிகை. அச்சகத்திலிருந்து கட்டு வந்து பன்னிரண்டு நாளாகியும் சின்னவள் அதைப் பிரிக்கவே இல்லை. அலமாரியில், பழைய போர்வைக்கு அடியில் வைத்துவிட்டாள். கேட்டால், "குடுக்கலாம்பா, இப்ப என்ன அவசரம்" என்றாள். கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது? அடுத்தது போன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். நான் கூடத்துக்கு வந்தால் அவளும் அம்மாவும் சட்டென்று திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது, புதன்கிழமை. வாராவாரம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தையல்கடைக்கு என்று கிளம்பிவிடுகிறாள். ஒரு ரவிக்கைக்கு எத்தனை தடவைதான் அளவெடுப்பார்கள்? தையல்காரம்மாவையே கேட்டுவிட்டேன். ஒரே ஒரு நாள்தான் வந்தாளாம்.

என் வேலையை நீ அறிவாய். முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். பணிமனையில் எனக்கு எக்ஸ்ரே என்றே பெயர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான், ஆனால் எதையும் பார்க்க மாட்டான். சின்னவள் கொஞ்ச நாளாகச் சுவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சந்தேகம் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். என்ன சொன்னாலும் சிரிக்கிறார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கண் சரியில்லை என்று சாக்கு சொல்லிக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், நான் அவர் மேசையில் யாருடைய படம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கிறது, இந்தக் கடிதத்தையே அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை அவள் பின்னாலேயே கிளம்பினேன். தலையில் தொப்பி. பேருந்தில் அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில். நாலாவது நிறுத்தத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள். எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது, நம் ஆட்களாயிற்றே என்று. ஒருவர் என் முன்னால் வந்து கையை நீட்டினார். அப்போதுதான் உறைத்தது, நான் டிக்கெட்டே எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் டிக்கெட் எடுக்காமல் ஏறி ஏறியே பழகிய கால். ஓய்வு பெற்றது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. "பெரியவரே, இந்த வயசுல இப்படிச் செய்யலாமா?" என்று அவர் சத்தமாகக் கேட்டார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. சின்னவளும்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எழுந்து வந்தாள். அபராதத்தைக் கட்டினாள். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ எண்ண ஆரம்பித்தாள். நாலு எண்ணி மூச்சை இழுக்கிறாள், ஆறு எண்ணி விடுகிறாள். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு உயிரே போய்விட்டது. "பயப்படாதப்பா, கொஞ்ச நேரத்துல தானா போயிடும்" என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள்!

அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டே போனாள். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், உன் அம்மா வயதுதான். வாசலறையில் நாலு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. இரண்டு மாதமாக அங்கேதான் போகிறாளாம். அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும், முதல் நாள் அழைத்துப் போனதே அவர்தான்.

பயத்தை எல்லாம் நோட்டில் எழுத வேண்டுமாம். இடது பக்கம் நம் கையில் இருப்பவை, வலது பக்கம் இல்லாதவை. சின்னவளே நோட்டைத் திறந்து காட்டினாள். இடது பக்கம் ரவிக்கை, பூ, யாரை எங்கே உட்கார வைப்பது. வலது பக்கம் மழை. அதற்குக் கீழே அப்பா. அதற்கும் கீழே, "பத்திரிகை கொடுத்த பிறகு அப்பா நிறுத்திவிட்டால்?"

ஏழு வருடத்துக்கு முன்னால் உன் கல்யாணத்தை நான் நிறுத்தியபோது அவளுக்குப் பதினாறு வயது. முப்பத்திரண்டு வீட்டில் பத்திரிகை கொடுத்திருந்தோம். நின்றுபோயிற்று என்று சொல்ல நான் போகவில்லை, டியூட்டி என்றேன். அம்மாவும் அவளும் போனார்கள். முதல் வீட்டு வாசலிலேயே அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம். முப்பத்திரண்டு வீட்டிலும் வாய் திறந்து சொன்னது சின்னவள்தானாம். எனக்கு அன்றைக்குத்தான், அந்த அறையில்தான் தெரிந்தது.

அந்த ஆலோசகர் அம்மா எனக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். என் சந்தேகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம் நேராகக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று எழுதச் சொன்னார். புதன்கிழமைக்கு எதிரே சின்னவள் என்று எழுதினேன். எல்லாவற்றிலும் பழைய சந்தேகத்தைக் கடைசியாக எழுதினேன். பேருந்தில் உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து தூங்கிய பெண், உன் கல்யாணத்தை நான் நிறுத்தக் காரணமானவள். அதற்கு எதிரே எழுதக் கை வரவில்லை.

இதை நீ உட்கார்ந்து படி. ஒரு வருடம் கழித்து அதே பெண் தனியாக என் வண்டியில் வந்தாள். டிக்கெட் சரியாக இருந்தது. அன்றைக்கு அவளோடு வந்தவர் யார் என்று கேட்டேன். தன் சித்தி மகன், ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து தன்னை வீட்டுக்குக் கூட்டி வந்த அண்ணன் என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் நீ வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாய், அவருக்கும் வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அது சாக்கு. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அவர் தப்பானவர் என்று நினைத்து நீ அழுத அழுகையெல்லாம் என்னால் வந்தது. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உன் அம்மாவுக்கும் போன புதன்கிழமைதான் சொன்னேன். தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை நானே பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். அந்த முப்பத்திரண்டு வீட்டுக்கும் சின்னவளோடு போகிறேன். இந்தத் தடவை பேசுவது நான். பத்தொன்பது வீடு முடிந்தது. ஒரு வீட்டில், "இதாவது நடக்குமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நடக்கும் என்றேன். சின்னவள் என் பக்கத்தில் நின்று மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

உன் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன், மேலே உன் பெயர் அவள் கையெழுத்து. நோட்டில் நீ வருவதை அவள் இடது பக்கமும் எழுதவில்லை, வலது பக்கமும் எழுதவில்லை, நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறாள். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அது உன் இஷ்டம். அவளுக்காக வா.

உன்னோடு பேசும்போது பின்னால் ஒரு ஆண் குரல் கேட்பதாக அம்மா முன்பு ஒரு தரம் வாய் தவறிச் சொன்னாள். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை, சத்தியமாக. நீ நன்றாக இருக்க வேண்டும். கூட யாரை அழைத்து வந்தாலும் சரி, யாரென்று கேட்க மாட்டேன். வாசலில் நின்று, இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான் கேட்பேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா