நின்றால் இருமும் எஞ்சின்

நாள் 2114. எஞ்சின் மணி (புது எஞ்சின் ஓடிய நேரம்) 31:05

என் வண்டியின் எஞ்சினை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். குடலிறக்க அறுவைக்காக நான் ஒன்பது நாள் மருத்துவப் பிரிவில் படுத்திருந்தபோது நடந்தது. செய்தவர் பணிமனைத் தலைவர் கோமதிநாயகம். பதினோரு வருடம் நானே பிரித்துப் பூட்டி வளர்த்த எஞ்சின் இப்போது கழிவுக் கொட்டகையில் கிடக்கிறது. அதன் இடத்தில் செவ்வாய்க் கிரக வண்டி ஒன்றின் எஞ்சினை வைத்திருக்கிறார்கள். இது முதலில் பதிவாகட்டும்.

நான் தங்கையா, வயது 64, சனிக் கோளின் டைட்டன் நிலவில் ஆறாம் வண்டியின் ஓட்டுநர். பன்னிரண்டு மணி நேரம் எங்கும் நிறுத்தாமல் ஓட்டி, வட ஏரிக்கரையில் ஆளோ அறையோ இல்லாத பம்பு நிலையம் 14க்கு வந்திருக்கிறேன். வடிகட்டிகளை மாற்ற ஒரு நாள் ஆகும். வெளியே மைனஸ் 179 டிகிரி. வண்டி நின்றாலும் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் ஏழு நிமிடத்தில் உறைந்துவிடும், பிறகு கிளம்பாது. அதனால் இங்கே யாரும் வெளியில் எஞ்சினை அணைப்பதில்லை.

ஓடும்போது குறை இல்லை. நின்றதும் இருமுகிறது.

எஞ்சின் மணி 34:20

இருமல் கூடி, ஒருமுறை நின்றேவிட்டது; உடனே கிளப்பினேன். தேநீர்க் குவளை மேசையில் தானாக நகர்கிறது. நான்கு சிலிண்டர். பிளக்குக்குப் பொறி தரும் காயில்களின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேட்டேன். ஒன்று செத்திருந்தால், அதைப் பிடுங்கும்போது சத்தம் மாறாது. நான்குக்கும் மாறியது. நான்கும் வேலை செய்கின்றன. நான்கும் முறை வைத்துத் தவறுகின்றன. காயில் மேல் குற்றம் இல்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரை ஏதேதோ சிமிட்டுகிறது. கிளம்பிய அன்றே அதன்மேல் நாடா ஒட்டி மூடிவிட்டேன். எஞ்சினுக்கு என்ன நோய் என்று எனக்குப் பெட்டி சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் மணி 36:55

தொடர்புச் செயற்கைக்கோள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே வரும். இருபது நிமிடம் பேசலாம். கோமதிநாயகத்திடம் சொன்னேன். அவர் பதில்:

"அண்ணாச்சி, இங்க பணிமனைக்குள்ள ஆறு மணி நேரம் ஓட்டிப் பாத்துதான் மாட்டினோம். பூனை மாதிரி ஓடிச்சு. ஒங்க காதுக்கும் ஒரு ஆப்பரேசன் பண்ணிருக்கலாம் போல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பி வரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் வண்டியை நிறுத்த எனக்கு மனமில்லை.

எஞ்சின் மணி 38:50

சூடாக இருக்கும்போது ஆறு நிமிடம் அணைத்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. ஆக்ஸிஜன் அதிகம் என்று அர்த்தம்.

இதைப் படிப்பவருக்காக விளக்கமாக எழுதுகிறேன். இந்நிலவின் காற்றில் மீத்தேன் இருக்கிறது. எஞ்சின் அதை வெளியிலிருந்து செறிவாக்கி இழுத்துக்கொள்ளும். தொட்டியில் நாம் சுமப்பது ஆக்ஸிஜன். அதைத்தான் இன்ஜெக்டர் பீச்சுகிறது. நான் சுவாசிப்பதும் அதே தொட்டியிலிருந்துதான்.

உள்ளிழுக்கும் குழாய் ஒழுகினால் மீத்தேன் கூடி பிளக் கருத்திருக்கும். வெளுத்திருக்கிறது. ஆகவே இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

எஞ்சின் மணி 46:10

நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றினேன். நான்கு முறை அணைத்து, நான்கு முறை கிளப்பினேன். தூங்கவில்லை. இடையில் இரண்டு முறை தானாகவே நின்றது; பக்கத்திலேயே இருந்ததால் உடனே கிளப்பினேன். தையல் போட்ட இடம் வலிக்கிறது.

கிளப்பியதும் நன்றாக ஓடுகிறது. பிறகு மெல்ல மெல்லக் கெட்டு, மூன்று மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. இன்ஜெக்டர் இல்லை. நான் நினைத்தது தவறு.

எஞ்சின் மணி 52:30

தொட்டியின் வெளிப்புறத்தில் உறைபனிக் கோடு கால் முழம் உயரத்தில் இருக்கிறது. இடுப்பளவு இருக்க வேண்டும். பழைய எஞ்சின் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பதை வைத்தே மனக்கணக்குப் போட்டு வந்தேன். நாடாவைக் கிழித்துத் திரையைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் 11 விழுக்காடு. வீடு திரும்ப 36 வேண்டும்.

எஞ்சின் மணி 52:58

உதவி கேட்டேன். கோமதிநாயகம் இப்போது சிரிக்கவில்லை. ஒன்பதாம் வண்டியின் ஓட்டுநர் அமலோற்பவம் புறப்படுகிறாள். பதினாறு வருடமாக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்பவள். அவள் சொன்னது:

"என்ன அண்ணாச்சி, எஞ்சினத் திட்டித் திட்டியே தொட்டிய காலி பண்ணிட்டியளாக்கும்? அசையாம இருங்க, நான் வாரேன். பாதி வழியில மேடு ஏழுல ஆறு மணி நேரம் தூங்கணும்னு சட்டம், தெரியும்லா? எனக்கும் போன வாரம் இதே எஞ்சினத்தான் மாட்டிருக்காவ. வழியில அது பாட்டுப் பாடுனா ஒங்களத்தான் ஏசுவேன்."

நானும் சிரித்தேன். கோள் மறைந்தது.

எஞ்சின் மணி 54:10

பெட்டியைப் படித்தேன். முதல் மணி நேரத்திலேயே படித்திருந்தால் அது முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருக்கும்.

புகைக்குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் அது பெட்டிக்குச் சொல்லும். எரிபொருள் போதவில்லை என்று எண்ணி, பெட்டி இன்ஜெக்டரைக் கூடுதலாகத் திறக்கும். செவ்வாயில் அது சரி. அங்கே ஆக்ஸிஜன் தனிக் குழாயில் வரும், இன்ஜெக்டர் பீச்சுவது மீத்தேன். இங்கே பீச்சுவது ஆக்ஸிஜன். மிஞ்ச மிஞ்ச இன்னும் பீச்சுகிறது. எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும்வரை பீச்சுகிறது. வேகமாக ஓடும்போது பெட்டி சென்சாரைக் கேட்பதில்லை. நின்று ஓடும்போது மட்டும் கேட்கிறது.

பணிமனையில் ஏன் பூனை மாதிரி ஓடியது என்றும் தெரிந்துவிட்டது. குளிருக்குப் பயந்து உள்ளேயே சோதித்தார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் காற்று. தொட்டியில் மீத்தேன் வைத்து ஓட்டினார்கள். அது செவ்வாய்ச் சோதனை. புது எஞ்சினை வெளியில் ஒரு நாள் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதையும் அவர்தான் நிறுத்தினார்.

சென்சாரின் பச்சைக் கம்பியைப் பிடுங்கினேன். பெட்டி குருடாகி, சென்சாரைக் கேட்காத நிலையான அளவு அட்டவணைக்குப் போனது. குலுக்கல் நின்றது. குவளை அசையவில்லை. இருபத்து மூன்று மணி நேரம் தேடியது ஒரு கம்பி.

பெட்டியைப் பார்க்காதது என் பிழை. எஞ்சினை மாற்றியது அவர்கள் பிழை. என் பிழையைக் காட்டி அவர்கள் பிழையை யாரும் குறைக்கக் கூடாது.

ஆக்ஸிஜன் 7. இப்போதைய ஓட்டத்தில் மணிக்கு ஒரு விழுக்காடு. ஏழு மணி நேரம். அமலோற்பவம் தூங்காமல் வந்தாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எழுதும்போதுதான் உறைத்தது. அவள் மேடு ஏழில் நிறுத்துவாள். எஞ்சின் மூன்று மணி நேரத்தில் நிற்கும். நான் விழித்திருந்தேன். அவள் தூங்குவாள். குளிர் எழுப்பும்போது எஞ்சின் உறைந்திருக்கும்.

கோள் வருவது 60:40க்கு.

எஞ்சின் மணி 57:30

எஞ்சினை அணைத்துவிட்டு அந்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் நாள் கணக்கில் வரும். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் குளிர் கொன்றுவிடும். எஞ்சின் இல்லாமல் வானொலிக்கும் மின்சாரம் இல்லை. அறைச் சூட்டைப் பாதியாகக் குறைத்து ஓட்டுகிறேன். விரல் மடங்கவில்லை. எழுத்து கோணுவதற்கு மன்னிக்கவும்.

எஞ்சின் அழகாக ஓடுகிறது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல எஞ்சின்.

எஞ்சின் மணி 60:44

கோள் வந்தது. அவள் 59:20க்குத் தன் வண்டியில் பதிந்து வைத்த செய்தி அதன் வழியாகத் தானாக வந்து சேர்ந்தது.

"அண்ணாச்சி, மேடு ஏழுல நிறுத்திட்டேன். எஞ்சின் இப்பவே லேசா குலுங்குது, ஒங்க சாபந்தான். காதுல பஞ்ச அடச்சிட்டுப் படுக்கேன். வந்து பேசிக்கிடலாம்."

நான்கு முறை கூப்பிட்டேன். அவள் பதில் இல்லை. பணிமனையிலிருந்தும் இரைச்சல்தான். நான் பேசியது போனதா தெரியாது. மின்சாரம் குறைகிறது. ஒலிபரப்பியதையே இங்கே எழுதுகிறேன். என் எஞ்சின் மணி 62:20க்குள், அதாவது இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குள், செய்ய வேண்டியவை:

கோமதிநாயகம்: ஒன்பதாம் வண்டியின் அறைச் சூட்டைப் பணிமனையிலிருந்தே அணைக்க முடியும். அணை. பஞ்சு வைத்தாலும் குளிர் எழுப்பும்.

அமலோற்பவம்: எழுந்ததும் புகைக்குழாயின் இடப்பக்கம், பச்சைக் கம்பி, பிடுங்கு. வண்டியைத் திருப்பு. என்னிடம் வராதே. வந்தாலும் ஏச ஆள் இருக்காது.

பணிமனையில் உள்ளவர்கள்: இந்த எஞ்சின் மாட்டிய மற்ற ஏழு வண்டிகளை வெளியே அனுப்பாதீர்கள். வெளியில் ஒரு நாள் ஓட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

கோமதிநாயகம்: என் பழைய எஞ்சினை உருக்காதே. அவள் வண்டியில் மாட்டு.

இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும்: அவளை எழுப்புங்கள். மற்றதெல்லாம் பிறகு. அவளை முதலில்