காய் நறுக்கும் பலகை

சோறு குக்கரில் இருக்கிறது. ரசத்தைச் சூடு செய்துகொள்ளுங்கள். நான் அரியலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஒரு சாவி என்னிடம் இருக்கிறது.

காய் நறுக்கும் பலகையைத் தேடாதீர்கள். குப்பையில் போட்டுவிட்டேன்.

நேற்று உங்கள் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டினேன். முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடுவதாம். ஆண் ஹார்மோன் ஒன்று உருமாறி முடியின் வேரைச் சுருக்குகிறதாம். மாத்திரை அதைத் தடுக்கிறதாம். என் வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால், அதன் உறுப்பு உருவாக அதே ஹார்மோன் வேண்டுமாம். உடைத்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடவே கூடாதாம்.

நீங்கள் அந்தப் பலகையில்தான் அதை நாலாக வெட்டினீர்கள். “என்னங்க இது வெள்ளையா?” என்றேன். “சத்து மாத்திரைடி. தொடச்சிடு” என்றீர்கள். மூன்று மாதமாகத் துடைத்தேன்.

“கையில பட்டதுக்குப் பயப்படாதம்மா. அஞ்சாம் மாச ஸ்கேன்ல பாத்துக்கலாம்” என்றார் டாக்டர். “ஒங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதா?” என்றும் கேட்டார். தெரியாது என்றேன். கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது.

வழுக்கைக்குத் தடவுகிற மருந்து இருக்கிறது. முடி நடுகிறார்கள். மொட்டையும் அடிக்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்றே உங்கள் நெற்றி ஏறியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு மாதம். அதுவரை வராதீர்கள்.

சிவரஞ்சனி

ஞாயிற்றுக்கிழமை குன்னத்திலிருந்து உங்கள் அம்மா வருகிறார். பேரன் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். நான் பெண்ணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.